மீன் தலைக்கு என்ன விலை? 'டார்வின்ஸ் நைட்மேர்' படத்தை மறுபடி பார்த்தபோது

2007 வாக்கில் சென்னையில் நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்திய திரையிடலில்தான் 'டார்வின்ஸ் நைட்மேர்' படத்தை முதலில் பார்த்தேன். படம் முடிந்து விளக்கு போட்டதும் பத்து நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். உலகமயமாக்கல், ஐரோப்பா, ஆயுத வியாபாரம், எய்ட்ஸ் என்று ராத்திரி பதினொன்று வரை போனது. நானும் நிறையப் பேசினேன். அப்புறம் பல வருஷம், யாராவது வறுமையைப் பற்றி ஒரு ஆவணப்படம் சொல்லுங்கள் என்று கேட்டால் இந்தப் படத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது ஏரி மீன்பிடிச் சமூகங்களைப் பற்றிக் கொஞ்சம் வாசித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். அதற்காகப் படத்தை மறுபடி பார்த்தேன். இப்போதும் அது என்னைத் தொந்தரவு செய்தது, ஆனா வேறு காரணத்துக்காக. படம் பொய் சொல்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அது காட்டும் வறுமை நிஜம். அந்த வறுமை எங்கிருந்து வருகிறது என்று அது சுட்டும் இடம்தான் தப்பு. அந்தத் தப்பால் யாருக்கு நஷ்டம் என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

படம் என்ன சொல்கிறது

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. இயக்குநர் ஹூபர்ட் சாவ்பர், ஆஸ்திரியாக்காரர். படம் 2004இல் வந்தது, 2006இல் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இடம்பிடித்தது. களம் விக்டோரியா ஏரியின் தென்கரையில் இருக்கும் முவான்சா, தான்சானியா. கிட்டத்தட்ட 68,800 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரி அது. நன்னீர் ஏரிகளில் பரப்பளவில் உலகத்திலேயே இரண்டாவது பெரியது. தான்சானியா, உகாண்டா, கென்யா என்று மூன்று நாடுகள் பங்குபோட்டுக்கொண்டிருக்கின்றன.

இந்த ஏரியில் 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் காலனிய அதிகாரிகள் கொண்டுவந்து விட்ட மீன்தான் நைல் பெர்ச். நம்ம ஊர் கொடுவாவும் இதுவும் ஒரே பேரினம், லேட்டஸ். ஆனா இது கொடுவாவைவிட மிகப் பெரியது. ஆறடி நீளம், 200 கிலோ வரைக்கும் வளரக்கூடியது. 1980களில் இது ஏரி முழுக்கப் பெருகியது. ஏரிக்கே உரிய சிக்லிட் வகைச் சிறு மீன்கள், நம்ம ஜிலேபி மீனின் தூரத்து உறவுகள், ஐந்நூறு இனம்போல இருந்தவை, அதில் பெரும்பகுதி கண்ணெதிரே காணாமல் போனது. கரையில் ஆலைகள் வந்தன. மீன் முள் நீக்கிய சதைத் துண்டுகளாக ஐரோப்பாவுக்குப் போக ஆரம்பித்தது.

படம் இதைத்தான் பிடிக்கிறது. இல்யூஷின் சரக்கு விமானங்கள் காலியாக வந்து இறங்குகின்றன, மீனை நிரப்பிக்கொண்டு போகின்றன. உண்மையிலேயே காலியாகத்தான் வந்தனவா, ஆயுதம் ஏற்றி வந்தனவா என்ற கேள்வியைப் படம் நெடுக இழுத்துக்கொண்டே போகிறது. விமானிகளோடு இரவைக் கழிக்கும் பெண்கள். மீன் அடைக்கும் பிளாஸ்டிக்கை உருக்கி முகர்ந்து தூங்கும் சிறுவர்கள். மீன் ஆய்வு நிலையத்துக்கு இரவில் காவல் இருக்கும் ஒருவர், கையில் நஞ்சு தடவிய அம்பு. போர் வந்தால் ராணுவத்தில் சம்பளம் கிடைக்குமே என்கிறார் அவர். சதை எல்லாம் விமானத்தில் ஏறிய பிறகு, மிச்சமிருக்கும் தலையும் முள்ளும் லாரியில் கொட்டப்பட்டு, புழு நெளிய, கம்பங்களில் காயவைக்கப்படுகின்றன. அங்கே வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு ஒரு கண்ணே போய்விட்டிருக்கிறது.

தலைப்புக்கு வருவோம். பெரிய மீன் சின்ன மீனைத் தின்றது, பணக்கார உலகம் ஏழை உலகத்தைத் தின்கிறது. இந்த உவமைதான் படத்தின் முதுகெலும்பு. வலுவான உவமை, அதை மறுக்கவில்லை. ஆனா உவமை வலுவாக இருக்க இருக்க, அதற்குள் அடங்காத எதையும் படத்தால் பார்க்க முடிவதில்லை.

அத்தை கேட்ட கேள்வி

இதை எனக்குக் காட்டிக்கொடுத்தது எந்த ஆய்வாளரும் இல்லை. என் அத்தை.

அத்தை பழவேற்காட்டில் முப்பது வருஷம் கருவாடு விற்றவர். இந்தத் தடவை நான் மடிக்கணினியில் படத்தை ஓட்டி நிறுத்திக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்த மீன் தலைக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்த்தேன். அத்தை சுளிக்கவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏன்டா, இந்தத் தலைய எவ்ளோக்கு எடுத்து எவ்ளோக்கு விக்கிறாங்க?"

தெரியலை அத்தை என்றேன்.

"இவ்ளோ பேர் நிக்கிறாங்க, லாரி லாரியா வருது. காசு பொரளாம நிப்பாங்களா? வாங்குறது யாரு?"

நான் மேலே ஓட்டிப் பார்த்தேன். 107 நிமிஷப் படத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. கேள்வியே இல்லை. தலையும் முள்ளும் 'மிச்சம்', ஐரோப்பியர்கள் தின்றுவிட்டு எறிந்தது, அதை ஆப்பிரிக்கர்கள் பொறுக்குகிறார்கள். காட்சி அதோடு முடிந்துவிடுகிறது. கேமரா புழுவைக் கிட்டப் போய்க் காட்டுகிறது, சந்தையைக் காட்டவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. என் பள்ளிக்கூடப் பீஸில் பாதி அத்தையின் கருவாட்டுக் கூடையிலிருந்து வந்தது. அந்தக் கூடையையும் யாராவது இதே லென்ஸில் படம்பிடித்திருந்தால் இதே மாதிரிதான் தெரிந்திருக்கும்: மணல், ஈ, நாற்றம், குனிந்து நிற்கும் ஒரு பெண். அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அதில் தெரிந்திருக்காது.

நிஜத்தில் அந்தத் தலைக்கும் முள்ளுக்கும் தனிச் சந்தையே இருக்கிறது. தான்சானியாவில் அதை மபாங்கி என்கிறார்கள். கென்யாவின் கிசுமுவில் 'ம்கோங்கோ வாசி', அதாவது திறந்த முதுகு என்று பெயர். ஆலையில் வாங்கி, பொரித்தும் காயவைத்தும் புகைபோட்டும் விற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முழு மீன் வாங்க முடியாத குடும்பங்கள் அதை வாங்குகின்றன. இதை நல்ல வாழ்க்கை என்று நான் சொல்லவில்லை. முழு மீன் கைக்கு எட்டாமல் போனதால் வந்த தொழில் இது, அந்த வகையில் படத்தின் கோபம் நியாயம். ஆனா இதைத் தொழில் என்று பார்த்தால்தான் அடுத்த கேள்விகள் வரும். ஆலையிடமிருந்து யார் மொத்தமாக எடுக்கிறார்கள்? முன்பணம் யார் தருகிறார்கள்? அமோனியா நெடியில் கண் போனவருக்கு யார் பொறுப்பு? கழிவைப் பொறுக்குவதாகவே பார்த்தால் "ஐயோ பாவம்" என்பதோடு நின்றுவிடுகிறோம்.

விமானம் வராத நாட்கள்

படத்தின் மையமான வாதம் விமானம். மீன் வெளியே போகிறது, அதனால் உள்ளே பசி. படத்திலேயே உள்நாட்டில் பஞ்சம் என்ற செய்தி வருகிறது, அதையொட்டி மீன் ஏற்றும் காட்சிகள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற யாருக்கும் ரத்தம் கொதிக்கும்.

ஆனா இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க வரலாறே ஒரு வாய்ப்பைக் கொடுத்திருக்கிறது. 1997க்கும் 2000க்கும் நடுவில் விக்டோரியா ஏரி மீனுக்கு ஐரோப்பா பலமுறை கதவைச் சாத்தியது. முதலில் சால்மொனெல்லா கிருமி, பிறகு காலரா பயம், 1999இல் பூச்சிமருந்து ஊற்றி மீன்பிடிக்கிறார்கள் என்ற புகார். அதாவது, மீன் விமானம் ஏறாத மாதங்கள்.

அப்போது கரையில் பசி தீர்ந்ததா? ஆலைகள் குறைந்த ஆட்களோடு ஓடின, சில மூடின. கரையில் மீன் விலை சரிந்தது. வலைக்கும் இயந்திரத்துக்கும் கடன் வாங்கியிருந்தவர்களின் கடன் அப்படியே நின்றது. படகில் கூலிக்குப் போகிறவர்களின் பங்கு சுருங்கியது. கையில் காசு இருந்த உள்ளூர்க்காரர்களுக்குக் கொஞ்ச நாள் மீன் மலிவாகக் கிடைத்திருக்கலாம். காசே இல்லாத உள்நாட்டுக் கிராமத்துக்கு அந்த மீன் நடந்து போய்விடாது. அமர்த்தியா சென் 1981இலேயே எழுதியதுதான்: பஞ்சம் என்பது உணவு இல்லாமல் போவது மட்டுமில்லை, இருக்கிற உணவை வாங்கும் வழி இல்லாமல் போவது.

அதற்காக ஏற்றுமதி நல்லது என்ற முடிவுக்கு நான் வரவில்லை. விமானம் வந்தாலும் இவர்கள் ஏழைகள், வராவிட்டாலும் ஏழைகள் என்றால், காரணத்தை விமானத்தில் மட்டும் தேடக்கூடாது. அது கரையிலும் இருக்கிறது.

சிக்லிட் மீன்களின் கதையிலும் இதே ஒற்றை வில்லன் பிரச்சினை உண்டு. கரைக் காடுகள் அழிந்து, வயல் மண்ணும் ஊர்க் கழிவும் ஏரியில் கலந்து தண்ணீர் கலங்கியதும் ஒரு காரணம். பல சிக்லிட் இனங்களில் பெண் மீன் நிறத்தைப் பார்த்துத்தான் இணையைத் தேர்ந்தெடுக்கும். கலங்கிய தண்ணீரில் நிறம் தெரியாமல் இனங்கள் ஒன்றோடொன்று கலந்துபோனதாக 1990களிலேயே ஆய்வுகள் வந்துவிட்டன. படத்துக்கு இது தேவைப்படவில்லை. அதற்கு ஒரு பெரிய மீன் போதும்.

கரையில் என்ன நடக்கிறது

சரி, கரைக்கு வருவோம். இங்கேதான் படம் விட்டுவிட்ட விஷயம் நிறைய இருக்கிறது.

விக்டோரியா ஏரியில் மீன்பிடிக்கிறவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்தமாகப் படகு கிடையாது. படகு ஒருவருடையது, வலை பல நேரம் அவருடையது, கூலிக்கு மூன்று நான்கு பேர் போகிறார்கள். மீன் விற்ற காசில் முதலில் எண்ணெய், இரை, சாப்பாட்டுச் செலவைக் கழிப்பார்கள். பிறகு படகுக்கும் வலைக்கும் பங்கு. மிச்சம்தான் ஆட்களுக்கு. மீன் படாத நாளில் ஆட்களுக்கு ஒன்றுமில்லை, செலவு மட்டும் கணக்கில் ஏறும். படகுக்காரரும் சும்மா உட்கார்ந்து தின்பவர் இல்லை. அவருக்கு வலையும் இயந்திரமும் ஐஸும் கடனாகக் கொடுத்தது ஆலையின் முகவர். அதனால் மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே போடவேண்டும். பழவேற்காட்டிலும் காசிமேட்டிலும் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை, ஆள் பெயர்தான் வேற.

அடுத்தது தகா. கென்யாவில் ஒமேனா, உகாண்டாவில் முகேனே. நம்ம நெத்திலி அளவுள்ள வெள்ளி மீன். நிலா இல்லாத இரவுகளில் விளக்கு வைத்துப் பிடிப்பார்கள். முழுநிலவு நாட்களில் தொழில் நின்றுவிடும். காலையில் படகு கரை தட்டியதும் பெண்கள் வாங்கி மணலில் பரப்பி வெயிலில் காயவைப்பார்கள். இன்று எடைக் கணக்கில் ஏரியிலேயே அதிகம் பிடிபடும் மீன் இதுதான், பெர்ச் இல்லை. ஏழை வீட்டுச் சட்டியில் இருப்பதும் இதுதான். இதிலும் பெரிய பங்கு கோழித்தீவனத்துக்குப் போய்விடுகிறது. மழை வந்து மீன் சரியாகக் காயாவிட்டால் தீவன விலைக்குத்தான் போகும், நஷ்டம் காயவைத்த பெண்ணுக்கு.

பசி, மீன், ஏழைகள் என்று பேசும் ஒரு படத்துக்கு இந்த மீனைவிட முக்கியமான பாத்திரம் வேறென்ன இருக்க முடியும்? ஆனா இது விமானம் ஏறுவதில்லை. உவமைக்குள் வராததால் படத்துக்குள்ளும் வரவில்லை.

மூன்றாவது, பெண்கள். படத்தில் பெண்கள் பெரும்பாலும் பாலியல் தொழிலாளிகளாக, விதவைகளாக, நோயாளிகளாக வருகிறார்கள். வியாபாரிகளாக வருவதில்லை. ஏரியின் கென்யக் கரையில் 'ஜபோயா' என்று ஒரு வழக்கம் உண்டு. மீன் வாங்க வரும் பெண், தனக்கு மீன் உறுதியாகக் கிடைக்கவேண்டும் என்றால் மீனவரோடு உறவு வைத்துக்கொள்ளவேண்டும். காசும் கொடுக்கவேண்டும், இதுவும். பெர்ச் மொத்தமும் ஆலைக்குப் போனபிறகு, மிச்ச மீனுக்கு நிறையப் பெண்கள் போட்டி போடவேண்டி வந்தது இதை மோசமாக்கியதாகச் சொல்கிறார்கள். கரையோர ஊர்களில் எச்.ஐ.வி. அதிகம் இருப்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது.

விமானிக்கும் பெண்ணுக்கும் நடுவில் நடப்பதைப் படம் உலக அநியாயமாகக் காட்டுகிறது. மீனவனுக்கும் மீன்காரிக்கும் நடுவில் நடப்பது அதன் கண்ணில் படவில்லை. அங்கே வில்லனும் ஏழை என்பதால் இருக்கலாம்.

2011இல் கிசுமு பக்கம் ந்துரு கரையில் சில பெண்கள் இதற்கு ஒரு பதில் கண்டுபிடித்தார்கள். படகைச் சொந்தமாக்கிக்கொண்டு ஆட்களை வேலைக்கு வைத்தார்கள். படகு அவர்களுடையது என்றால் மீனும் அவர்களுடையது, யாரையும் கெஞ்சவேண்டாம். 'மீனுக்கு உடல் இல்லை' என்பதுதான் அந்தக் குழுவின் பெயருக்கு அர்த்தம். பிறகு மரப்படகுகள் பழுதாகின, 2020 வெள்ளத்தில் ஏரி கரையேறி ஊரையே அடித்தது. வெற்றிக் கதை என்று முடிக்க முடியாது. ஆனா பிரச்சினை எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. அறிவுரை கேட்கவில்லை, படகு வேண்டும் என்றார்கள்.

மீனவன் ஏன் ஏழை?

கிறிஸ்டோஃப் பெனே என்ற ஆய்வாளர் 2003இல் எழுதிய கட்டுரை ஒன்று எனக்கு இதில் பெரிய உதவி. மீன்பிடிச் சமூக வறுமையைப் பற்றி இரண்டு பழைய கதைகள் உண்டு என்கிறார். ஒன்று: மீனவர்கள் என்பதால் ஏழைகள், யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்று இருப்பதால் மீன் தீர்ந்து எல்லோரும் ஏழையாகிறார்கள். இன்னொன்று: ஏழைகள் என்பதால் மீனவர்கள், வேறு கதியில்லாதவர்கள் வந்து விழும் கடைசித் தொழில். இரண்டுமே ஏரியில் இருக்கும் மீன் எண்ணிக்கையையே பார்க்கின்றன, மீன் யார் கைக்குப் போகிறது, யார் அதைத் தடுக்கிறார்கள் என்ற அதிகாரக் கேள்வியை விட்டுவிடுகின்றன என்பது அவர் வாதம்.

சாவ்பரின் படம் அதிகாரத்தைப் பற்றிப் பேசுகிறது, உண்மைதான். ஆனா அது பேசும் அதிகாரம் ரொம்ப உயரத்தில் இருக்கிறது. எங்கள் திரையிடல் விவாதத்திலும் ஐரோப்பாவைத்தான் திட்டினோம். படத்தில் வரும் ஆலை முதலாளி இந்திய வம்சாவளிக்காரர். அவரைப் பற்றி அன்று ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை, நான் உட்பட.

இதெல்லாம் வெறும் சினிமா விமர்சனம்தானே என்று கேட்கலாம். அப்படி இல்லை. வறுமைக்குக் காரணம் என்று எதை நம்புகிறோமோ, அதன்மேல்தான் அரசு கை வைக்கும். 2006இல் தான்சானிய ஜனாதிபதி கிக்வெட்டே இந்தப் படத்தை வெளிப்படையாகக் கண்டித்தார், முவான்சாவில் ஊர்வலம் நடந்தது. நாட்டின் மானம் போச்சு என்பதுதான் பேச்சு. முள் காயவைக்கிற பெண்ணின் கண் பேச்சாகவில்லை. பத்து வருஷம் கழித்து மீன் குறைகிறது, ஏரியைக் காப்பாற்றவேண்டும் என்று இன்னொரு அலை வந்தது. 2017இல் உகாண்டா ஏரிக்கு ராணுவத்தை அனுப்பியது. 28 அடிக்குக் குறைவான படகுகளையும் சின்னக் கண்ணி வலைகளையும் பறித்துக் கொளுத்தினார்கள். தான்சானியாவும் 2018இல் அதேபோல வலைகளை எரித்தது. ஆலைகளுக்குப் பெரிய மீன் வரத்து கூடியது, ஆலைக்காரர்கள் வரவேற்றார்கள். 28 அடிக்குக் குறைவான படகு யாரிடம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்குப் படம்தான் காரணம் என்று சொல்லவில்லை, அது அபத்தம். ஆனா ஏரி ஒரு பேரழிவு, கரையில் இருப்பவர்கள் அதன் பலிகள் என்ற ஒரே சித்திரம்தான் வெளியே இருப்பவர்கள் மனதில் இருக்கிறது என்றால், அங்கே படகு எரியும்போது கேட்க ஆள் இருக்காது. ஒரு தொழில், அதன் கணக்கு, அதன் கடன், அதன் பங்கு என்று தெரிந்தவர்கள்தான் "யார் படகு?" என்று கேட்பார்கள்.

இத்தனைக்குப் பிறகும் படத்தைப் பாருங்கள் என்றே சொல்வேன். காவலாளி பேசும் காட்சிகளுக்காகவாவது பார்க்கவேண்டும். அவரைப் பேசவிட்டு, குறுக்கே போகாமல் சாவ்பர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அந்தப் பொறுமையில் பாதியாவது மீன் தலை காயவைக்கும் பெண்களிடம் காட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் இருந்திருக்காது.

அத்தை அன்று படத்தை முழுக்கப் பார்க்கவில்லை. பாதியில் எழுந்துவிட்டார். போகும்போது ஒன்று சொன்னார்: "மழ வந்தா அந்த மூங்கில்ல காய வைக்கிறத எல்லாம் எங்க எடுத்து வைப்பாங்களோ. கொட்டாயே காணோம்." நான் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. நான் பார்த்த வரைக்கும் அந்தக் காட்சியில் எங்கும் ஒரு கூரை இல்லை. எத்தனை தடவை பார்த்தும் அது என் கண்ணில் பட்டதில்லை.